ஆவியை நிதானித்தலும் சரீரத்தை நிதானித்தலும்

திருச்சபைத் தலைவனுக்கு இருக்கவேண்டிய பண்புகளை அடுக்கிக் கூறும் நூல்களுக்கு இன்று நம்மிடையே குறைவில்லை. குருத்துவப் பயிற்சியிலும், குருமார் தியானக் கூட்டங்களிலும், உபதேசிமார் முகாம்களிலும் இவை பெரிதும் பயன்படுகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தினின்று வந்த இந்நூல்கள் பகுத்துணர்வுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கத் தவறுவதில்லை. ஆனால், அவ்வதிகாரத்தில் காணப்படும் தலைவன் எப்பொழுதும் தனியனாகவே நிற்கிறான். அவன் ஜெபிக்கிறான், வேதத்தை ஆராய்கிறான், உள்ளத்தில் ஓர் உறுதி பெறுகிறான். பின்பு சபைக்கு வந்து தான் பெற்றதை அறிவிக்கிறான். சபை செய்யவேண்டியது ஏற்றுக்கொள்ளுதல் மட்டுமே. இச்சித்திரம் திருமறைக்கும் பொருந்தவில்லை. நெல்லை நாட்டுத் திருச்சபையின் அனுபவத்துக்கும் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட விழைகிறது.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். சாலொமோன் கிபியோனிலே வேண்டிக்கொண்டது என்ன? நமது பழைய மொழிபெயர்ப்பு அதனை ஞானமுள்ள இருதயம் என்று தருகிறது. எபிரேய மூலத்திலோ அது கேட்கும் இருதயம் (1 இராஜா. 3:9). நன்மை தீமையை 'வகையறுத்தல்' என்னும் அழகிய தமிழ்ச் சொல்லும் அவ்வசனத்திலேயே வருகிறது. அது நம் பிரசங்கங்களில் வழக்கொழிந்து போனது இழப்பே. வகையறுக்க வேண்டியவன் முதலாவது கேட்க வேண்டியவன். அடுத்து வரும் நிகழ்ச்சியில் அரசன் முன் நிற்பவர்கள் யார்? ஊரில் எவரும் சாட்சியாக மதியாத இரு வேசிகள். அவன் அவர்களை முழுமையாகப் பேசவிட்டான். ஆனால், அதே சாலொமோனின் ஆட்சியில் சுமத்தப்பட்ட பாரத்தைக் குறித்து ஜனங்கள் அவனுடைய குமாரனிடம் முறையிடவேண்டியதாயிற்று (1 இராஜா. 12). ஞானம் குன்றியதென்பதைவிடக் கேட்பது நின்றுபோயிற்று என்பதே பொருத்தம்.

புதிய ஏற்பாட்டில் இக்காரியம் இன்னும் தெளிவாக உள்ளது. தமிழ் வாசகருக்கு மட்டும் அது சற்றே மறைந்துகிடக்கிறது. 1 கொரிந்தியர் 12:10இல் வரும் வரத்தை நம் வேதம் ஆவிகளைப் 'பகுத்தறிதல்' என்கிறது. 14:29இல் இரண்டு மூன்று தீர்க்கதரிசிகள் பேசுகையில் மற்றவர்கள் செய்யவேண்டியதை 'நிதானித்தல்' என்கிறது. 11:29இல் கர்த்தருடைய சரீரத்தைக் குறித்தும், 11:31இல் நம்மையே குறித்தும் அதே 'நிதானித்து அறிதல்' வருகிறது. கிரேக்கத்தில் இந்நான்கும் 'தியாக்ரீனோ' என்னும் ஒரே வினையடியைச் சேர்ந்தவை. பகுத்தறிவு என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் வேறொரு இயக்கம் வேறொரு பொருள் ஏற்றிவிட்டமையால், நம் போதகர்கள் 12:10ஐத் தனியே எடுத்து அதற்கு அபூர்வ வரம் என்னும் நிறம் கொடுத்துவிடுகின்றனர். பவுலோ நான்கு அதிகாரங்களுக்குள் அச்சொல்லைப் பந்தியிலும், மனச்சாட்சியிலும், வரங்களிலும், கூடிவருதலிலும் வைக்கிறார். எங்கும் அதனைச் சபைத்தலைவன் ஒருவனுக்கென்று அவர் ஒதுக்கவில்லை. 14:29இல் 'மற்றவர்கள்' என்பவர் மற்றத் தீர்க்கதரிசிகளா, சபையார் அனைவருமா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். இருவழியிலும், பேசினவனே தன் பேச்சுக்கு நடுவனாயிருக்கலாகாது என்பது ஐயமற்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கடையநல்லூரிலிருந்து புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாக மலையடிவாரத்தை ஒட்டி வடக்கே செல்லும் பாதை இராஜபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் அடைகிறது. இதன் கீழ்ப்புறத்தே சங்கரன்கோவில், சிவகாசி வரை பரந்த கரிசல் பூமியைச் சி.எம்.எஸ். சங்கத்தார் வடதிருநெல்வேலி என்பர். 1854 முதல் ராக்லண்ட், டேவிட் பென், மெடோஸ் ஆகியோர் சிவகாசியை நடுவாகக்கொண்டு கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சுற்றியது இந்நிலப்பரப்பிலேதான். 1858இல் ராக்லண்ட் சிவகாசியிலேயே மரித்தார். அவர் மரித்து இரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வட்டாரத்தில் ஓர் எழுப்புதல் தோன்றியது. அது அந்தக் கூடாரங்களிலிருந்து தோன்றவில்லை. எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லாத ஒரு தமிழரின் ஊழியத்திலிருந்து தோன்றியது.

அவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரின் பள்ளியில் பயின்றவர். பின்பு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் சகோதரசபை முன்னோடியுடன் சேர்ந்து, சங்கச் சம்பளம் பெறுவதில்லை என்னும் தீர்மானத்துக்கு வந்தார். திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் அவர் அமைத்த கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பில் விசுவாசிகள் பயிரிட்டுப் பிழைத்தனர், ஊழியத்துக்கும் சென்றனர். அமெரிக்காவிலும் வட அயர்லாந்திலும் 1857 முதல் 1859 வரை நிகழ்ந்த எழுப்புதல்களின் செய்தி இங்கும் எட்டியது. 1860இல் கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் நடுக்கம், கீழே விழுதல், பாவ அறிக்கை, தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நியபாஷை ஆகியவை தோன்றின. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் பிள்ளைகளும் பேசினர். திருவிதாங்கூர் வரை அதன் தாக்கம் பரவியது.

மிஷனெரிமார் திகைத்தனர். சி.எம்.எஸ். ஊழியரான ஆஷ்டன் டிப் எழுதிய அறிக்கை அவ்வாண்டிலேயே சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. சிலர் இதனைத் தேவசெயல் என்று மகிழ்ந்தனர்; சிலர் அடக்கமின்மைக்கு அஞ்சினர். வெளிநாட்டார் கைபடாமல் தமிழரிடையே தானே எழுந்தது என்பதே பலருக்கு வியப்பாயிருந்தது. அவ்வியப்பில், இவர்களால் இது கூடுமோ என்னும் குரலும் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை.

உடல் நடுக்கத்தைப் பற்றிய விவாதம் நெடுநாள் நடந்தது. இதில் வியப்பென்னவெனில், அவ்வினாவுக்கு 1741இலேயே விடை கூறப்பட்டிருந்தது. புதிய இங்கிலாந்தின் எழுப்புதலைக் குறித்து யேல் கல்லூரியில் பேசிய ஜோனத்தான் எட்வர்ட்ஸ், கண்ணீரும் நடுக்கமும் கூக்குரலும் ஆவியானவரின் செயலுக்கு ஆதாரமுமல்ல, மறுப்புமல்ல என்று நிறுவினார். 1 யோவான் 4ஐக் கொண்டு வேறு அடையாளங்களை அவர் காட்டினார்: கிறிஸ்து உயர்த்தப்படுகிறாரா, பாவத்தின் ஆட்சி தாக்கப்படுகிறதா, வேதம் மதிப்புப் பெறுகிறதா, சத்தியம் தெளிவாகிறதா, அன்பு பெருகுகிறதா என்பனவே அவை. நடுங்குகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் எதையும் நிதானிக்க இயலாது என்பதே அவர் கூறியதன் சாரம். நம் ஊர்களில் நடைபெறும் சுவிசேஷப் பெருவிழாக்களைப் பற்றிய வாதங்கள் இன்றும் அந்நடுக்கத்திலேயே தேங்கி நிற்கின்றன.

அருளப்பனைப் பற்றிப் பின்னாளில் எழுதினோரும் தாம் தேடியதையே அவரிடம் கண்டனர். 1939இல் அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து வரலாறு எழுதிய ஜி. எச். லேங், சங்கமும் சம்பளமும் இல்லாத அப்போஸ்தல முறையின் வெற்றியைக் கண்டார். பெந்தெகொஸ்தே வரலாற்றாசிரியர்கள் 1906இன் அசூசா தெரு எழுப்புதலுக்கு முன்னோடியைக் கண்டனர். ஆங்கிலிக்க அறிக்கைகளோ ஒழுங்கு காக்கப்பட்டதா என்பதையே அளவுகோலாக்கின. மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. லேங் செய்த தொண்டு பெரிது. அவரின்றி அருளப்பனின் குரலே நமக்குக் கிடைத்திராது. எனினும், 14:29இன் வினாவை இம்மூவரும் நடுவில் வைக்கவில்லை. கிறிஸ்தியான்பேட்டையில் ஒருத்தி எழுந்து தீர்க்கதரிசனம் கூறியபோது அதனை நிதானித்தவர் யார்? அருளப்பன் ஒருவரேயா? கூட்டத்தாரா? அயலிலிருந்த மிஷனெரிமாருக்கு அதில் பங்குண்டா?

சம்பளம் வாங்காத ஊழியன் ஒருவகையில் விடுதலையானவன்; எசமானின் முகம்பார்த்துப் பேசவேண்டியதில்லை. ஆனால், அவனைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பது அப்பொழுது தீர்க்கப்படாததாகிவிடுகிறது. அருளப்பன் திறமாகத் தப்பியது இவ்விடத்தில்தான் என்று கருதுகிறேன். அவர் நாட்குறிப்பு எழுதினார். நண்பருக்கும் ஆதரவாளருக்கும் நடந்தவற்றை எழுதி அறிவித்தார். தம் கூட்டங்களை அயலார் பார்க்கக்கூடாத இரகசியமாக்கவில்லை. எழுதி வைக்கப்பட்டது பிறரால் சோதிக்கப்படக் கூடியது. நூற்றாண்டு கடந்தும் நாம் அவரை ஆராய்ந்து குறைநிறை கூற முடிவதே அதற்குச் சான்று. இது சிறு காரியமன்று. தமக்குக் கிடைத்த வெளிப்பாட்டை எழுத்தில் வைக்க மறுத்து, மேடையில் மட்டும் முழங்கும் தலைவர்களை நாம் அறிவோம்.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் அதே எழுப்புதல்களின் நெடுந்தொடரில் உண்டு. யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். குருவானவரானவர்; மலையாளத்தில் கீர்த்தனை இயற்றிய புலவர். 1873இல் மத்திய திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதலில் முன்னின்றார். 1875இல் அவ்வியக்கத்திலிருந்து, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை 1881இல் நிகழும் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. அவரும் அவரைச் சேர்ந்தோரும் பிரிந்து தனிச் சபையாயினர். யுயோமய சபை என்று பின்னர் அது அறியப்பட்டது. குறித்த ஆண்டு வந்தது; சென்றது. 1887இல் அவர் மரித்தார். சிறு கூட்டமொன்று அதன் பின்னும் நிலைத்தது.

இதில் அவருடைய பக்தியைச் சந்தேகிக்க இடமில்லை. புலமையும் குறைவில்லை. குறைந்தது எது? உடன்படாத ஒருவன் அவ்வட்டத்துக்குள் இல்லை. தேதியைக் குறித்தபின், அதனை ஏற்காதவன் வெளியே இருப்பவன் ஆனான். ஏற்றவன் மட்டும் உள்ளே இருப்பவன் ஆனான். அப்படியானால், 14:29இன் 'மற்றவர்கள்' எங்கே? உபாகமம் 18இன் சோதனை ஒன்றே எஞ்சியது. அதாவது நாள் வந்து கடந்து பொய்ப்பிக்கும்வரை காத்திருத்தல். அது சோதனைகளிலெல்லாம் விலைமிக்கது.

ஆயினும் இக்கதைக்கு இன்னொரு பாகம் உண்டு. யுஸ்துஸ் யோசேப்பின் பாடல்களை இன்றும் கேரளத்தின் வெவ்வேறு சபைகளார் பாடுகின்றனர். அவற்றை ஏற்கலாம், தேதியைத் தள்ளலாம் என்று எந்தப் பெருமன்றமும் தீர்மானம் இயற்றியதாகத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் பாடிப் பாடி மக்களே வகையறுத்தனர். எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது சபைத்தலைவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை எனக்குத் தெரியவில்லை. முழுவதையும் ஏற்றல், முழுவதையும் தள்ளல் ஆகிய இரண்டே தலைவர்களுக்குப் பெரும்பாலும் தோன்றுகின்றன; மக்களுக்கு மூன்றாவது வழியும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் தலைவனின் பணி யாது? ஒதுங்கி நிற்றலன்று. நம் மன்றங்களில் கமாலியேலின் ஆலோசனை அடிக்கடி எடுத்துக்கூறப்படுகிறது. தேவனால் உண்டானதாயின் நிற்கும், இல்லையேல் அழியும், ஆகவே பொறுத்திருப்போம் என்பர். அப்போஸ்தலர் நடபடிகளில் அது ஒரு பரிசேயரின் அரசியல் விவேகமாகவே வருகிறது. திருச்சபைக்கு அளிக்கப்பட்ட விதியாக அன்று. பொய்யும் நெடுங்காலம் நிற்கும். மெய்யும் அடக்கப்பட்டுப் போவதுண்டு. இதற்கு மாறாக எரேமியாவை நோக்குக (எரே. 28). அனனியா இரண்டு ஆண்டில் விடுதலை என்று அறிவித்தபோது, எரேமியா அது மெய்யாகட்டும் என்று வாழ்த்தினார். முன்னிருந்த தீர்க்கதரிசிகளின் போக்கை நினைப்பூட்டினார். தம் கழுத்திலிருந்த நுகம் முறிக்கப்பட்டபோது மறுமொழியின்றித் தம் வழியே போனார். வார்த்தை பின்னரே வந்தது. அப்பொழுது திரும்பி வந்து சொன்னார். உடனே பதில் கூறாமையைப் பலவீனமென்று எண்ணும் தலைவன் அவ்வதிகாரத்தை மெதுவாகப் படிக்கவேண்டும். அவர் மௌனமாகச் சென்றது ஒதுங்குதலும் அன்று, சரணடைதலும் அன்று. தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்ட மறுத்தல் அது.

இதுவரை ஆவிகளை நிதானித்தலைப் பற்றியே பேசினோம். எழுப்புதல் வரலாறுகளை விரும்பிப் படிப்போர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். பவுலோ 12ஆம் அதிகாரத்துக்கு வருமுன் 11ஆம் அதிகாரத்தில் அதே சொல்லை ஆண்டுவிட்டார். அங்கே நிதானித்து அறியப்படாமற்போனது ஆவியன்று, சரீரம். சந்தர்ப்பம் என்ன? கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோது முந்தினவர்கள் உண்டு தீர்த்தனர்; ஒன்றுமில்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டனர். அப்பந்தியில் இயேசுவின் நாமம் உச்சரிக்கப்படாமலில்லை. உபதேசப் பிழை இருந்ததென்று பவுல் கூறவுமில்லை. ஆனால், அருகிலிருந்தவன் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இதனையே அவர் நிதானியாமை என்கிறார்.

இவ்வாசகத்தைக் கடையநல்லூர் வட்டாரத்தில் நின்று படிக்கும் ஒருவர் 1981ஐ நினையாதிருக்க முடியாது. அவ்வாண்டு பிப்ரவரி 19ஆம் நாள், இவ்வூருக்கு அண்மையில், தென்காசிப் பகுதியிலுள்ள மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அச்சிற்றூரை நோக்கித் திரும்பியது. வளைகுடாப் பணம் என்றனர் சிலர். சதி என்றனர் சிலர். வந்து கேட்டோரிடம் அம்மக்கள் கூறியதோ தீண்டாமையையும், அன்றாட அவமதிப்பையும், காவல்துறையின் கெடுபிடியையும் பற்றியே. படித்து வேலைக்குச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆகவே, ஏதுமறியாதார் ஏமாற்றப்பட்டனர் என்னும் எளிய விளக்கம் நில்லாது.

அம்மாற்றத்தை ஆராய்ந்து அவர்களுக்குத் தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. நம்மை நாமே நிதானிக்கவேண்டிய வினா ஒன்று அதில் உண்டு. நெல்லைச் சீமையில் அப்பொழுது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சீர்திருத்தத் திருச்சபை இருந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டியது அது. ஜாதி வேற்றுமையைச் சபைக்குள் விட்டொழிக்கவேண்டுமென்று பேராயர் டானியேல் வில்சன் 1833இலேயே சுற்றறிக்கை விடுத்திருந்தார். இவ்வளவும் இருக்க, மானத்தை நாடி ஒரு முழு ஊர் வேறோர் மார்க்கத்தின் வாசலில் ஏன் நின்றது? அவர்கள் நம்மைக் கவனியாமல் சென்றனர் என்பதைவிட, நம்மைக் கவனித்துப் பார்த்தபின் சென்றனர் என்று கொள்வதே நமக்குப் பயனுள்ளது. நம் கல்லறைத் தோட்டங்களையும், கலியாணப் பேச்சுகளையும், திருமண்டலத் தேர்தல் அணிகளையும் அயலான் ஒருவன் கண்திறந்து நோக்கினால், வில்சனின் சுற்றறிக்கையை அவன் ஊகித்தறிய மாட்டான்.

நம்மை அவர்கள் நிதானித்தார்கள். நாம் நம்மை நிதானிக்கவில்லை. 11:31இல் பவுல் அஞ்சியது இதுவே. அதே 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் சூத்திர இறையியலை நோக்கி என்னும் பொருளில் ஆற்றிய உரை, பின்னர் தலித் இறையியல் என வளர்ந்ததற்கு ஒரு தொடக்கமாயிற்று. கல்விக்கூடத்தில் அவ்வினா எழுந்துவிட்டது. சேகர மன்றங்களில் அது எழுந்ததா என்பதை ஒவ்வொரு குருவானவரும் தம் நடவடிக்கைக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்து அறியலாம்.

எழுப்புதலையும் மீனாட்சிபுரத்தையும் ஒரே கட்டுரையில் வைப்பது சிலருக்கு வலிந்து பொருத்தியதாகத் தோன்றலாம். ஆவிக்குரிய வரங்களைப் பேசுவோர் ஒரு முகாம், சமூகநீதியைப் பேசுவோர் மறு முகாம் எனப் பிரிந்து பழகிவிட்டோம். முன்னவர்க்கு 12ஆம் அதிகாரம், பின்னவர்க்கு 11ஆம் அதிகாரம். பவுலுக்கு அது ஒரே நிருபம், ஒரே சொல். 1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் பெண்ணும் பிள்ளையும் வாய்திறந்து பேசினர் என்பதை நம் முன்னோர் ஒழுங்கின்மைக்கு அடையாளமாகக் கண்டனர். 11ஆம் அதிகாரத்தின் வெளிச்சத்தில் அதுவே கவனிக்கத்தக்க நற்குறியாகத் தோன்றுகிறது. பேசாதிருந்தவர்கள் அங்கே கேட்கப்பட்டனர். அதே அளவுகோலால் பார்த்தால், வரங்கள் மிகுந்தும் கூலியாளைப் பின்வரிசையில் இருத்தும் கூட்டம் ஆவிகளையும் நிதானிக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

செயல்முறையில் இது எங்கே தொடங்கும்? பல திருமண்டலங்களில் சங்கக் காணிக்கை பாக்கியுள்ளவருக்குச் சபைத் தேர்தலில் வாக்கில்லை. ஒழுங்குக்கு அது தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால், மலையடிவாரத்துச் சிற்றூர்களில் பாக்கி வைப்பவர் யார்? மழை பொய்த்த ஆண்டின் கூலியாட்கள். பீடி சுற்றும் பெண்கள். வேலைக்கென்று குடும்பத்தோடு வெளியூர் சென்று திரும்புவோர். இவர்களுக்குச் சேகர மன்றத்தில் இடமில்லை, வாக்குமில்லை. ஆகவே, மன்றம் நிதானிக்கும் எக்காரியத்திலும் இவர்கள் பவுல் கூறும் மற்றவர்களாக இருக்க இயலாது. நற்கருணைக்கு முந்திய ஆயத்தக் கூட்டம் இன்றும் பல சேகரங்களில் பெயரளவில் நடைபெறுகிறது. அதற்கு வர வாக்குரிமை தேவையில்லை. அக்கூட்டத்திலே, மன்றம் எடுக்கப்போகும் முடிவுகளையும், ஊருக்கு வந்த தீர்க்கதரிசி கூறிச்சென்றதையும், குருவானவர் தமக்குத் தோன்றியதாக எண்ணும் வழிநடத்துதலையும் வெளிப்படையாக வைத்து, பாக்கிக்காரர் முதலாவது பேசும்படி கேட்கலாம். இதற்குத் திருமண்டலச் சட்டத்தில் திருத்தம் ஒன்றும் வேண்டியதில்லை. குருவானவர் அன்று மாலை இறுதியாகப் பேச உடன்பட்டால் போதும்.